ரோஜா இதழில் புள்ளி: பொட்ரைட்டிஸை அடையாளம் காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர், தளி, பாகலூர் வட்டாரத்தில் கொய்மலர் ரோஜா வளர்ப்பவர்களும், பூவைத் தரம் பிரித்துக் கட்டும் கூடங்களில் வேலை செய்பவர்களும் நவம்பர் பிறந்துவிட்டால் ஒரே மாதிரியான சந்தேகங்களோடு வருகிறார்கள். பிப்ரவரி 14, காதலர் தின விற்பனையைக் குறிவைத்துக் கவாத்து செய்த (செடியை வெட்டிவிட்ட) தோட்டமென்றால் பதற்றமும் சேர்ந்துகொள்கிறது. தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். மருந்துப் பட்டியல் தேடி வந்தவர்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும். பெயர் தெரியாத நோய்க்கு மருந்தடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் பெரும்பகுதி, வந்திருப்பது எது என்று கண்டுபிடிப்பதைப் பற்றியே இருக்கும்.

1. பொட்ரைட்டிஸ், பொட்ரைட்டிஸ் என்கிறார்கள். அது உண்மையில் என்ன?

பொட்ரைட்டிஸ் சினேரியா என்ற பூஞ்சாணம். ரோஜாவுக்கென்று பிறந்ததல்ல, 200-க்கும் மேற்பட்ட செடி வகைகளைத் தாக்கக்கூடியது. ஸ்ட்ராபெரி பழம் சாம்பல் பூத்து அழுகுவதும் இதனால்தான். பிரான்சின் சோட்டேர்ன் பகுதியில் திராட்சையின் மேல் இது படரட்டும் என்று காத்திருந்து, அந்தப் பழத்தில் விலை உயர்ந்த இனிப்பு ஒயின் செய்கிறார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

உதிர்ந்த இதழ், காய்ந்த இலை, வெட்டிவிட்ட காம்பின் நுனி ஆகியவைதான் அதன் குடியிருப்பு. அங்கே பெருகி, வித்துகளைக் காற்றில் விடும். வித்து இதழில் விழுந்தால் மட்டும் நோய் வந்துவிடாது. இதழின் மேல் சில மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும், வெப்பம் மிதமாக இருக்க வேண்டும். 15 முதல் 22 டிகிரி செல்சியஸ் அதற்கு மிகவும் வசதி. ஓசூரின் குளிர்கால இரவும் காலையும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கின்றன.

2. சாம்பல் நோய்க்கு அடிக்கும் கந்தகத்தையே இதற்கும் அடிக்கலாமா? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. நம் ஊரில் சாம்பல் நோய் என்று சொல்வது, இளம் இலையிலும் பூக்காம்பிலும் முள்ளிலும் வெள்ளை மாவு படியும் நோயை. கடையில் ‘சாம்பல்’ என்று மட்டும் சொன்னால் கந்தகத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது மாவு நோய்க்குச் சரி; பொட்ரைட்டிஸை நிறுத்தாது. ஆகவே கடைக்குப் போகும்போது ‘இதழ் அழுகுகிறது’ என்று சொல்லுங்கள், அல்லது பொட்ரைட்டிஸ் என்று பெயரையே சொல்லிவிடுங்கள்.

கண்ணால் பிரிப்பதும் எளிது. வெள்ளை மாவு உயிருள்ள பச்சைத் திசுவின் மேல் உட்கார்ந்திருக்கும். விரலால் தேய்த்தால் வந்துவிடும், அடியில் இலை பச்சையாகவே இருக்கும். பொட்ரைட்டிஸ் முதலில் திசுவைக் கொன்று, பழுப்பாக்கி, அதன் மேல்தான் முளைக்கும். துடைத்தால் அடியில் அழுகல் தெரியும். மாவு நோய்க்கு இலை நனைய வேண்டியதில்லை. பொட்ரைட்டிஸுக்கு ஈரம் வேண்டும்.

3. என் பூவில் சாம்பல் நிறமே இல்லை. சின்னச் சின்னப் புள்ளிதான் இருக்கிறது. அதுவும் இதுதானா?

இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். சாம்பல் நிற வளர்ச்சியைப் பார்த்து அடையாளம் காண்பவர்கள் நோயின் கடைசிக் கட்டத்தைப் பார்க்கிறார்கள். விற்கும் பூவில் அது அநேகமாக இருக்காது. விற்கும் பூவில் இருப்பது புள்ளிதான். நோய் அங்கேதான் பிடிபட வேண்டும்.

காலை வெளிச்சத்தில், வெயில் ஏறுவதற்கு முன், ஒரு பூவை வெட்டி எடுங்கள். வெளிச்சுற்று இதழைக் கட்டை விரலால் மெல்ல விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சிவப்பு ரோஜாவில் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலத்தில், நிறம் வெளுத்த வட்டப் புள்ளிகள் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளியின் நடுப்பகுதி நீர் கோத்தாற்போல், சற்று அமுங்கி இருக்கும். இதழின் ஓரத்தில் மட்டுமல்லாமல் நடுவிலும் சிதறிக் கிடக்கும், ஏனென்றால் வித்து விழுந்த இடமெல்லாம் புள்ளி. காற்று உலர்ந்துவிட்டால் புள்ளி அப்படியே நின்றுவிடும். பூ அந்தத் தழும்போடு விரியும். ஈரம் தொடர்ந்தால் புள்ளிகள் பெருத்து, ஒன்றோடொன்று கூடி, பழுப்பாகி, இதழ் ஈரக் காகிதம் போல் துவளும்.

அதன் பிறகுதான் சாம்பல் கலந்த பழுப்பு வளர்ச்சி. அதை லென்ஸில் பார்த்தால், நீண்ட கருமையான தண்டுகளின் நுனியில் வித்துகள் கொத்தாகத் தொங்குவது தெரியும். பூவைத் தட்டினால் தூசி கிளம்பும். இந்தக் கட்டத்துக்கு வந்த பூவைப் பசுமைக்குடிலுக்குள் தட்டிப் பார்க்க வேண்டாம். பையில் போட்டு வெளியே கொண்டுபோன பிறகு தட்டுங்கள்.

4. வெள்ளை ரோஜாவில் இளஞ்சிவப்புப் பொட்டு வருகிறது. நிறம் கலந்துவிட்டதா?

நிறம் கலக்கவில்லை. வெள்ளை, வெளிர்மஞ்சள் இதழ்களில் வித்து நுழைய முயன்ற இடத்தைச் சுற்றி இதழே சிவப்பு நிறமியை உண்டாக்குகிறது. அதனால் அதே புள்ளி இங்கே இளஞ்சிவப்பு வளையமாகத் தெரியும். வெளிர்நிற வகைகளில்தான் நோயை விரைவில் கண்டுபிடிக்க முடியும். அடர்சிவப்பில் கண் தவறிவிடும். சிவப்பும் வெள்ளையும் ஒரே குடிலில் வைத்திருப்பவர்கள் காலையில் முதலில் வெள்ளைப் பாத்தியைப் பார்க்கலாம். அங்கே பொட்டு தெரிந்தால் சிவப்பிலும் தேடுங்கள்.

5. இலைப்பேன் சுரண்டிய தழும்பும் பழுப்பாகத்தானே இருக்கிறது? எப்படிப் பிரிப்பது?

இலைப்பேனின் தழும்பு கீறலாக, கோடாக இருக்கும், வட்டமாக இராது. பெரும்பாலும் இதழின் ஓரத்தில், மொட்டாக இருந்தபோது மடிந்திருந்த பகுதியில் தெரியும். வெள்ளிப் பூச்சு போன்ற மினுக்கமும், நடுவே கரும் எச்சப் புள்ளிகளும் சேர்ந்திருக்கும். தாக்குதல் கடுமையாக இருந்தால் மொட்டே கோணிக்கொள்ளும்.

வெள்ளைத் தாளின் மேல் மொட்டைக் கவிழ்த்து நான்கு தட்டு தட்டுங்கள். சுமார் 1 மில்லிமீட்டர் நீளத்தில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஓடினால் இலைப்பேன். ஆனால் இலைப்பேன் இருப்பதால் பொட்ரைட்டிஸ் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டும் ஒரே பூவில் இருப்பதுண்டு. காயம்பட்ட இதழில் பூஞ்சாணம் இன்னும் சுலபமாக நுழையும்.

6. மருந்தடித்த மறுநாள்தான் புள்ளி தெரிந்தது. மருந்துதான் சுட்டுவிட்டதா?

இருக்கலாம். மருந்துச் சூட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அன்று விரிந்திருந்த பூக்களில் மட்டும், தெளிப்பான் போன பக்கத்தில், துளி தங்கிய இதழ் விளிம்பில் தெரியும். அதற்குப் பிறகு வந்த மொட்டு சுத்தமாக இருக்கும். பொட்ரைட்டிஸ் புள்ளி பூவின் வயதைப் பார்க்காது. ஈரமான ஒவ்வோர் இரவுக்குப் பிறகும் புதிதாகச் சேரும். இதற்கும் தீர்ப்பு 9-ஆம் கேள்வியில் உள்ள பெட்டிச் சோதனைதான்: மருந்துச் சூடு பெட்டிக்குள் வளராது.

மாலையில் கடைசி வேலையாக மருந்தடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். இதழ் இரவு முழுதும் நனைந்தபடி கிடக்கும். நோயைத் தடுக்க அடித்த தண்ணீரே நோய்க்கு வழிவிட்டுவிடும்.

7. டிசம்பர் குளிரில் சிவப்பு ரோஜாவின் இதழ் ஓரம் கருக்கிறது. இதுவும் பூஞ்சாணமா?

ஓரம் கருத்து, ஆனால் விறைப்பாக, உலர்ந்து இருந்தால் பூஞ்சாணம் அல்ல. சில சிவப்பு வகைகளில் இரவுக் குளிரால் இதழில் நிறமி கூடுதலாகச் சேர்ந்து ஓரம் கருப்பாகிறது. விரலால் அழுத்திப் பாருங்கள்: குளிர்க் கருப்பு உறுதியாக இருக்கும், பொட்ரைட்டிஸ் குழையும்.

8. இலையில் ஊதாப் புள்ளி விழுந்து, தொட்டாலே இலை உதிர்கிறது. அண்ணா, இது பொட்ரைட்டிஸ்தானே?

இல்லை. நீங்கள் சொல்லும் அடையாளம் அடிச்சாம்பல் நோய்க்கு உரியது. நரம்புகளுக்கு நடுவே கோணல்மாணலான ஊதா அல்லது பழுப்புப் புள்ளிகள், அதிகாலையில் இலையின் அடியில் மங்கிய சாம்பல் படலம், பிறகு பொலபொலவென்று இலையுதிர்வு. அதுவும் குளிரும் ஈரமுமான அதே நாட்களில் வருவதால் குழப்பம் இயல்பே. ஆனால் அதை உண்டாக்குவது உண்மையான பூஞ்சாண இனமே அல்ல, மருந்தும் வேறு. அதற்கென்று உள்ள மருந்தைப் பொட்ரைட்டிஸுக்கு அடித்தால் பணம்தான் வீண்.

திறந்தவெளி ரோஜாவில், ஓரம் சிதைந்த கரிய வட்டமும் சுற்றிலும் மஞ்சளும் இலையில் தெரிந்தால் அது கரும்புள்ளி நோய். பொட்ரைட்டிஸை இலையில் தேடுவதைவிடப் பூவிலும், கவாத்து செய்த காம்பின் நுனியிலும் தேடுங்கள். வெட்டுவாயிலிருந்து காம்பு பழுப்பாகக் கீழ்நோக்கிக் காய்ந்து வந்தால் அங்கேயும் இது இருக்கக்கூடும்.

9. கண்ணால் பார்த்து எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டிலேயே உறுதி செய்ய வழி உண்டா?

உண்டு, செலவும் இல்லை. மூடியுள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைச் சோப்புப் போட்டுக் கழுவி உலர்த்துங்கள். அடியில் சுத்தமான தாளை விரித்து, நனைத்து, தேங்கும் நீரை வடித்துவிடுங்கள். அதன் மேல் சிறு வலைத்தட்டோ, கழுவிய பாட்டில் மூடிகளோ வைத்து, பூக்களைத் தாள் தொடாதபடி அடுக்குங்கள். காம்பு இரண்டு விரல் நீளம் போதும். மூடியைப் போட்டு, வெயில் படாத அறையில் 20 முதல் 25 டிகிரியில் வையுங்கள்.

பூவைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நோயுற்ற பூவை மட்டும் எடுத்தால் நோய் வரத்தான் செய்யும். குடிலின் ஒவ்வொரு பகுதியிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாற்போல் பத்து இருபது பூ எடுங்கள், சுத்தமாகத் தெரிவதும் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டியிலும் பாத்தி எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். சந்தேகமில்லாத பாத்தியிலிருந்து எடுத்த பூவோடு ஒரு பெட்டி தனியாக இருந்தால் ஒப்பிட வசதி.

24 மணி நேரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறக்காமல் பாருங்கள். பொட்ரைட்டிஸ் என்றால் ஒன்றிரண்டு நாளில் புள்ளிகள் பெருத்துக் கூடும். மூன்றாம் நாளுக்குள் பெரும்பாலும் சாம்பல் கலந்த பழுப்பு வளர்ச்சி தலைகாட்டும். இலைப்பேன் தழும்பும் மருந்துச் சூடும் குளிர்க் கருப்பும் இருந்தபடியே இருக்கும். முரட்டு வெள்ளை இழைகளின் நுனியில் கரிய குண்டு தெரிந்தால் அது ரைசோபஸ். நீலப்பச்சைத் தூள் படிந்தால் பெனிசிலியம். இரண்டும் வேறு பூஞ்சாணங்கள்.

10. என் பெட்டியில் ஆறாம் நாள் எல்லாப் பூவும் சாம்பல் பூத்துவிட்டது. தோட்டம் மொத்தமும் போய்விட்டதா?

ஆறாம் நாள் கணக்கில் சேராது. இந்தப் பூஞ்சாணத்தின் வித்து ஏறக்குறைய எல்லாக் குடிலிலும் இருக்கிறது. முதிர்ந்து சாகும் பூவை நனைந்த பெட்டிக்குள் ஒரு வாரம் பூட்டி வைத்தால் எந்தத் தோட்டத்துப் பூவும் அழுகும். முதல் மூன்று நாட்களில் எத்தனை பூவில், எந்தப் பாத்தியில் வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் ஒருமுறை கிடைத்த விடையைவிட அதிகம் தெரியவரும்.

11. மேலே பிளாஸ்டிக் கூரை இருக்கிறது, தண்ணீர் சொட்டுநீரில் போகிறது. பூ எப்படி நனையும்?

மழையே இல்லாமல் நனையும். 18 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காடு இருந்தால், இதழ் 16 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும்போதே அதன் மேல் பனி படியத் தொடங்கிவிடும். தெளிந்த வானமுள்ள இரவில் இதழ் காற்றைவிடக் குளிர்ந்துவிடுவது சாதாரணம். இன்னொரு நேரமும் உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை: சூரியன் எழுந்ததும் குடிலின் காற்று வேகமாகச் சூடாகி ஈரத்தை ஏற்றிக்கொள்ளும், தடித்த மொட்டு இன்னும் குளிர்ந்தே இருக்கும். எட்டு மணி வரை பக்கத் திரையை இறக்கியே வைத்திருந்தால் அந்த ஈரம் முழுவதும் மொட்டின் மேல் வந்து உட்காரும்.

பிளாஸ்டிக் தாளின் உட்புறத்தில் சேர்ந்த நீர் சொட்டுவது தனிக்கதை. நோயுள்ள பூக்கள் குடிலுக்குள் ஒரே நேர்கோட்டில் இருந்தால் தலையைத் தூக்கிப் பாருங்கள். மேலே குழாயோ தாளின் மடிப்போ இருக்கும். மாலையில் பக்கத் திரையைச் சிறிது நேரம் திறந்து ஈரக்காற்றை வெளியேற்றிவிட்டு மூடுவது, விடிந்ததும் சீக்கிரம் திறப்பது, பிற்பகலுக்குப் பின் பனித்தூவியை ஓட்டாமல் இருப்பது, உதிர்ந்த இதழையும் வெட்டிய காம்பையும் அன்றாடம் கூட்டி மூடிய பையில் வெளியேற்றுவது ஆகிய நான்கும் எந்த மருந்துக்கும் முந்தியவை. கூட்டியதைக் குடில் வாசலிலேயே குவித்து வைப்பவர்களையும் பார்க்கிறேன். அதற்குக் கூட்டாமலே இருந்துவிடலாம்.

12. குளிர் அறையில் 2 டிகிரியில் வைத்தால் பூஞ்சாணம் செத்துவிடாதா?

சாகாது, மெதுவாகும். பூஜ்யத்தை ஒட்டிய குளிரிலும் வளரக்கூடிய பூஞ்சாணம் இது. வெட்டும்போது சுத்தமாகத் தெரிந்த பூ, ஊர் போய்ச் சேர்ந்ததும் அழுகுவது இதனால்தான்: வித்து தோட்டத்திலேயே இதழில் நுழைந்துவிட்டது, அடையாளம் மட்டும் வெளியே வரவில்லை.

குளிரைவிட ஆபத்து குளிர் விட்டுப்போவது. 2 முதல் 4 டிகிரியிலிருந்த பூவை வெக்கையான கூடத்துக்குக் கொண்டு வந்தால் இதழ் மேல் உடனே நீர் கோக்கும். அப்படியே அட்டையில் சுற்றி, பெட்டியில் அடைத்து, மறுபடி குளிர் அறைக்குள் தள்ளினால், 9-ஆம் கேள்வியின் பெட்டிச் சோதனையை வாங்குபவரின் செலவில் நடத்துகிறோம் என்று பொருள். தரம் பிரிக்கும் கூடம் குளிர்ச்சியாக இருப்பதும், பூ அடிக்கடி உள்ளே வெளியே போகாமல் இருப்பதும் முக்கியம்.

13. புள்ளி விழுந்த வெளி இதழைக் கிள்ளிவிட்டு அனுப்பலாமா?

வெளிச்சுற்றில் ஒன்றிரண்டு இதழ்களோடு நோய் நின்றிருந்தால் கிள்ளலாம். பூக்கடைகளிலும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் முதலில் இதழின் அடிப்பகுதியைப் பாருங்கள். பழுப்பு அங்கே இறங்கியிருந்தால், பூஞ்சாணம் இதழ்கள் சேரும் மேடைக்குப் போய்விட்டது என்று கொள்ளலாம். அந்தப் பூவைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உதறினால் இதழ்கள் கொத்தாகக் கழன்று விழும். அது விற்கும் பூ அல்ல. இருபது பூக்கள் கொண்ட கட்டில் அப்படி ஒன்று போனாலும் பக்கத்துப் பூக்களைக் கெடுத்துவிடும்.

14. கார்பன்டசிம் வாரம் தவறாமல் அடிக்கிறேன். ஏன் கேட்கவில்லை, சார்?

வாரம் தவறாமல் அடிப்பதால்தான். ஒரே வகை மருந்தைத் தொடர்ந்தால் தப்பிப் பிழைத்த வித்துகளே பெருகி, அந்த மருந்து தெரியாததுபோல் வளரும். பென்சிமிடசோல் என்ற இந்த மருந்துக் குடும்பத்துக்குப் பொட்ரைட்டிஸ் எதிர்ப்புப் பெற்றதை நெதர்லாந்தில் சைக்ளமன் பூச்செடியில் 1971-லேயே பதிவு செய்துவிட்டார்கள். தயோபனேட் மெத்தில் என்று பெயர் மாற்றி வாங்கினாலும் அதே குடும்பம்தான். வெவ்வேறு விதமாக வேலை செய்யும் குடும்பங்களை மாற்றி மாற்றி, தேவைப்படும்போது மட்டும் அடிக்க வேண்டும். எது உங்கள் பயிருக்கு இப்போது அனுமதிக்கப்பட்டது, அளவு என்ன என்பதை உறைச்சீட்டைப் பார்த்தும் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டும் முடிவு செய்யுங்கள். 11-ஆம் கேள்வியில் சொன்னதைச் செய்யாத குடிலில் எந்தக் குடும்பமும் நெடுநாள் தாங்காது.

15. ஜெர்பராவுக்கும் கார்னேஷனுக்கும் இதே அடையாளம்தானா?

அடிப்படை ஒன்று, இடம் வேறு. ஜெர்பராவில் இதழில் புள்ளி விழுவதோடு, பூவின் நடுவட்டம் அழுகிச் சாம்பல் பூப்பதையும் பார்க்க வேண்டும். நீலகிரிக் கார்னேஷனில் இதழ் நுனிகள் பழுப்பாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லில்லியம் வளர்ப்பவர்களுக்குக் கதை சற்று மாறும்: அங்கே பெரும்பாலும் பொட்ரைட்டிஸ் எலிப்டிகா என்ற உறவுக்கார இனம், இலையிலேயே நீள்வட்டப் பழுப்புப் புள்ளியாகத் தொடங்கும். 8-ஆம் கேள்வியில் இலையில் தேட வேண்டாம் என்று சொன்னது ரோஜாவுக்கு. லில்லியத்துக்கு இலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

16. ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால் பூவை எப்படி அனுப்புவது?

முழுதாக அழுகிய பூவை அனுப்பாதீர்கள். அதில் பின்னால் குடியேறிய பூஞ்சாணங்கள்தான் அதிகம் கிடைக்கும். பாதி நோயும் பாதி நலமுமாக உள்ள பூக்கள், கூடவே சுத்தமான பூ ஒன்று. நனைக்காமல், தாளில் சுற்றி, காகித உறையில் வைத்து அனுப்புங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வழியிலேயே வியர்த்து அழுகிவிடும். வகை, வெட்டிய தேதி, கடைசியாக அடித்த மருந்து மூன்றையும் எழுதுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையை அணுகலாம். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பக்கம்.

17. தோட்டத்தில் ஒரு புள்ளி இல்லை. வாங்கியவர் பெட்டி பெட்டியாக அழுகல் என்கிறார். யாரை நம்புவது?

இருவரும் உண்மை பேசக்கூடும். காரணம் 12-ஆம் கேள்வியில் இருக்கிறது. சண்டையைத் தவிர்க்க ஒரே வழி, பூ கிளம்பும் நாளிலேயே சான்றைப் பிடித்து வைத்துக்கொள்வது. ஒவ்வொரு சரக்கிலிருந்தும் சில பூக்களை எடுத்துச் சோதனைப் பெட்டியில் வையுங்கள். வேறு சிலவற்றை அதே குளிர் அறையில், அதே அட்டையில் சுற்றி, சரக்கு பயணம் செய்யும் நாட்கள் வரை வைத்திருங்கள்.

சோதனைப் பெட்டியில் மூன்று நாளுக்குள் வந்துவிட்டால், நோய் உங்கள் குடிலிலிருந்து போயிருக்கிறது. விலையைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வைத்திருந்த இரண்டு தொகுதிகளும் சுத்தமாக இருந்து அங்கே மட்டும் அழுகியிருந்தால், வழியில் எங்கோ குளிர் விட்டுப்போயிருக்கிறது. பெட்டியைத் திறந்த நேரத்தின் புகைப்படத்தைக் கேளுங்கள். பூவை மட்டுமல்லாமல், கட்டைச் சுற்றிய அட்டையின் உட்புறத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். அட்டை ஊறிப்போய் அலையலையாக இருந்தால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறு கருவியைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பினால் எந்த நேரத்தில் குளிர் விட்டது என்பதும் தெரிந்துவிடும். சரக்கின் மதிப்போடு ஒப்பிட்டால் அதன் விலை பெரிதல்ல.